ஜப்பானிய வகுப்பில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. பெரியவர்கள் சேர்ந்து ரசித்துக் கற்க என்ன வழி?

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம். ஜப்பானியம் கற்கிறவர்கள், கற்பிக்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி.

பெரியவர்களுக்கான குழு வகுப்பு ஒன்றில் படிக்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை, ஒன்றரை மணி நேரம். தொடங்கும்போது 14 பேர் இருந்தோம். ஹிரகானா என்ற அடிப்படை எழுத்து வரிசை முடிவதற்குள் 11 ஆனது. இப்போது வினைச்சொல்லின் 'தெ' வடிவத்துக்கு வந்திருக்கிறோம், மிச்சம் 7 பேர்தான். ஆசிரியை நல்லவர், பாடத்தைத் தெளிவாக நடத்துவார். ஆனால் தினமும் ஒரே முறை. அவர் வாசிப்பார், நாங்கள் திரும்பச் சொல்வோம், அப்புறம் வரிசையாக ஆளுக்கொரு வாக்கியம். என் முறை வரும்வரை என் வாக்கியத்தையே மனதுக்குள் உருட்டிக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது. சொல்லி முடித்ததும் அப்பாடா என்று இருக்கும், அவ்வளவுதான்.

போன வாரம் ஆசிரியையே, "வேறு எப்படி நடத்தலாம் என்று யோசனை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டார். அதனால்தான் இங்கே வந்தேன். வேலை முடிந்து களைத்து வருகிற ஆட்களுக்கு எது பலன் கொடுத்தது? ஒன்று மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தால் எங்களில் இரண்டு பேராவது எழுந்து போய்விடுவார்கள்.

தும்பி எழுதியது:

ஷிரிதொரி! வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்துக்கு அதைவிட நல்லது வேறு எனக்குத் தெரியாது. ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். சகுரா, ரஜியோ, ஒதொ (ஓசை), தொரி (பறவை) என்று போகும். 'ன்' என்று முடியும் சொல்லைச் சொன்னவர் அவுட், ஏனென்றால் அந்த எழுத்தில் தொடங்கும் சொல் ஜப்பானியத்தில் கிடைக்காது. 'ஹொன்' (புத்தகம்) என்று வாய் தவறிச் சொல்லி எத்தனை முறை அவுட் ஆகியிருக்கிறேன்!

நமக்கு இது புதிதே இல்லை. அந்தாதி கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு முடிவில் இன்னொரு தொடக்கம் தானாக விழும். சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றுகிறது என்றால், வினைச்சொற்கள் மட்டும், வீட்டுப் பொருட்கள் மட்டும் என்று வரம்பு வையுங்கள். பெரியவர்களுக்கே வியர்த்துவிடும்.

தேர்வுமேசை எழுதியது:

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிசம்பரில் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலை எழுதப் போகிறேன். நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து உட்காரும் ஒன்றரை மணி நேரத்தில் அரை மணி விளையாட்டு என்றால் எனக்கு மனசு பதறுகிறது. அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. எழுத்து, சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல், அவ்வளவுதான். வகுப்பில் இலக்கணம் முடியட்டும், பேச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். விளையாட்டில் எப்போதும் வேகமான இரண்டு பேர்தான் ஜெயிக்கிறார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். இதையும் யாராவது சொல்ல வேண்டும்.

கரும்பலகை எழுதியது:

பல வருடமாகப் பெரியவர்களுக்கு ஜப்பானியம் சொல்லிக்கொடுக்கிறேன். தேர்வுமேசை சொன்னதில் பாதி சரி என்பேன். வேகமானவர் ஜெயித்து மற்றவர் வேடிக்கை பார்க்கும் ஆட்டம் வகுப்புக்கு ஆகாது. ஆனால் அதற்கு மருந்து ஆட்டத்தை நிறுத்துவதல்ல.

என் வகுப்பிலும் ஆள் குறைந்த காலம் உண்டு. அப்போது உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. பேனாவைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்று கேட்கிறேன். அது பேனா என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், மற்ற 12 பேருக்கும் தெரியும். நாற்பது வயதுக்காரர் ஒருவர் அதற்கு எழுந்து நின்று பதில் சொல்ல எதற்காக ஆசைப்படுவார்? அன்று முதல் எனக்கு ஒரே விதி: கேட்பவருக்குப் பதில் உண்மையிலேயே தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். விளையாட்டோ பாடமோ, அது இருந்தால் வகுப்பு நடக்கும்.

ஓர் உதாரணம். இருவருக்கும் ஒரே தெருவின் வரைபடம் கொடுப்பேன். ஒருவர் தாளில் தபால் நிலையம் இருக்கும், நூலகம் இருக்காது. மற்றவர் தாளில் நூலகம் இருக்கும், தபால் நிலையம் இருக்காது. தாளைக் காட்டக் கூடாது. மிகி (வலம்), ஹிதரி (இடம்), மஸ்ஸுகு (நேராக) என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டுக் குறிக்க வேண்டும். முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். நூலகம் ஆற்றுக்கு நடுவில் நிற்கும்! எங்கே தப்பியது என்று அவர்களே திரும்பப் போய்த் தேடுவார்கள். நான் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டியிருக்காது. அந்தப் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் வேலை உண்டு. ஜெயிப்பவரும் இல்லை, வேடிக்கை பார்ப்பவரும் இல்லை.

இன்னொன்று 'உஸொ', அதாவது பொய். ஆளுக்கு மூன்று வாக்கியம், அதில் ஒன்று பொய். "செய்ததுண்டு" என்ற பொருளில் வரும் '...தா கொதொ கா அரிமஸ்' பாடத்துக்கு இதைப் போல் பொருத்தமானது கிடையாது. தமிழில் "பார்த்ததுண்டு" என்கிறோமே, அச்சாக அதே அமைப்பு. 'மிதா' பார்த்த, 'கொதொ' அது, 'அரிமஸ்' உண்டு. எப்போதும் பேசாத ஒருவர் ஒரு நாள், "யானைமேல் ஏறியதுண்டு, கடலில் தொலைந்துபோனதுண்டு, மேடையில் பாடியதுண்டு" என்று ஜப்பானியத்தில் சொன்னார். எது பொய் என்று வகுப்பே அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டது. எப்போது, எங்கே, யாரோடு என்று அத்தனையும் ஜப்பானியத்தில். கடலில் தொலைந்தது உண்மை! அன்று வகுப்பு முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. பெரியவர்களிடம் சொல்ல வாழ்க்கை இருக்கிறது, சிறுபிள்ளைகளைவிட நம் கையில் அதிகம் இருப்பது அதுதான்.

பனித்துளி எழுதியது:

கரும்பலகை அவர்களுக்கு நன்றி. நான் பாதியில் விட்ட ஆள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு வகுப்பில், எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தி, ஒரே சொல்லைச் சரியாக வரும்வரை ஏழெட்டு முறை சொல்ல வைத்தார்கள். உயிரெழுத்தை நீட்டுவதில் எனக்குக் குழப்பம். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை, ஆனால் அந்த மௌனம் அதைவிடக் கனமாக இருந்தது. அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. மொழிமேல் ஆசை அப்படியேதான் இருக்கிறது. திருத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை, தனியாக நிறுத்தித் திருத்த வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

மாத்திரை எழுதியது:

பனித்துளி, உங்களுக்காகவே எழுதுகிறேன். நீட்டல் சிக்கலுக்கு எங்கள் குழுவில் ஒரு வழி இருக்கிறது, அதில் யாரும் தனியாக நிற்க வேண்டியதில்லை. எல்லோரும் சேர்ந்து கைதட்டுவோம்.

நமக்குக் குறில், நெடில், மாத்திரை எல்லாம் பள்ளியிலேயே தெரியும். ஜப்பானியமும் அதே மாதிரி எண்ணித்தான் ஓடுகிறது. ஒபஸன் என்றால் அத்தை, சித்தி மாதிரி ஒருவர். ஒபாஸன் என்றால் பாட்டி. ஒரு குறில் நெடிலானால் ஒரு தலைமுறையே கூடிவிடுகிறது. முதலாவதுக்கு நான்கு தட்டு: ஒ, ப, ஸ, ன். இரண்டாவதுக்கு ஐந்து: ஒ, ப, அ, ஸ, ன். கவனித்தீர்களா, நமக்கு 'ன்' அரை மாத்திரை, அவர்களுக்கு முழுசாக ஒன்று. தமிழர்கள் தடுக்கி விழும் இடம் அதுதான். நாம் 'ன்'னைச் சட்டென்று விழுங்கிவிடுவோம், அவர்கள் அதற்கும் ஒரு தட்டு வைப்பார்கள்.

இரட்டித்த மெய்யும் அப்படித்தான். 'கிதெ' என்றால் வந்து, 'கித்தெ' என்றால் தபால் தலை. இரண்டாவதில் நடுத்தட்டு வெறும் மௌனம். ஏழு பேர் ஒன்றாகத் தட்டிவிட்டு, நடுவில் சத்தமில்லாமல் ஒரு தட்டு விழுந்து, அப்புறம் 'தெ' வருகிறபோது சொல் உடம்பில் பதிந்துவிடும். படு, பட்டு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இதில் பயமே வேண்டாம். கொஞ்சம் தேறியதும் ஹைக்கூ பக்கம் போகலாம், 5-7-5 என்று எண்ணி ஆளுக்கொரு வரி சேர்த்துக் கட்டுவது. எங்கள் குழு எழுதியவை கவிதையாக நின்றனவா தெரியாது, எண்ணிக்கை சரியாக நின்றது.

ஒரு வேண்டுகோள்: இங்கே வேறு வழியில்லாமல் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறோம். உங்கள் நோட்டில் அப்படி எழுதிப் படிக்காதீர்கள். சாவிக்கு ஒரு சொல், சிப்பிக்கு ஒரு சொல், நம் எழுத்தில் இரண்டுமே 'ககி'தான். ஒன்றில் கி அழுத்தமானது, மற்றதில் மென்மையானது, தமிழ் எழுத்து அந்த வித்தியாசத்தைக் காட்டாது. ஹிரகானாவில் அடிப்படை எழுத்து 46தான். நம் 247-ஐக் கற்றவர்களுக்கு அது ஒரு பாரமா?

தும்பி எழுதியது:

46 எழுத்துக்கு கருதா என்ற அட்டை விளையாட்டு ஆடலாம். அட்டைகளை மேசையில் பரப்பி வைத்து, ஆசிரியர் சொல் சொன்னதும் அதன் முதல் எழுத்தை எடுப்பது. ஜப்பானில் 'ஹியாகுனின் இஷ்ஷு' என்ற 100 பாடல்களை வைத்து இதையே பெரும் போட்டியாக ஆடுகிறார்கள். பாட்டின் முன்பகுதியை வாசிக்கும்போதே பின்பகுதி எழுதிய அட்டையைத் தட்டி எடுக்க வேண்டும்.

தேர்வுமேசை சொன்ன குறை வராமல் இருக்க இருவர் இருவராக ஆடுங்கள். அட்டையைத் தொடுவதற்கு முன் கூட்டாளியிடம் "கொரெ தெஸ் கா?" (இதுவா?) என்று கேட்டு, அவர் "ஹை" என்ற பிறகே எடுக்கலாம் என்று விதி வைத்தால் வேகக்காரர் தானாக நிதானத்துக்கு வருவார். எல்லா அட்டையும் வேண்டாம். குழப்புகிறவற்றை மட்டும் போடுங்கள். ஹிரகானாவில் நெ, ரெ, வா மூன்றும் உடன்பிறப்புகள். இன்னோர் எழுத்து வரிசையான கதகானாவில் ஷி, த்ஸு, ஸொ, ன் நான்கையும் பக்கத்தில் வைத்தால் மூத்த மாணவரும் ஒரு நொடி திகைப்பார்.

எழுத்தாணி எழுதியது:

கான்ஜி என்ற சீன வழி எழுத்துகளுக்கும் இதேபோல். உறுப்புகளைத் தனித்தனி அட்டையில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மனிதன் பக்கத்தில் மரம் என்றால் ஓய்வு. ஞாயிறும் திங்களும் சேர்ந்தால் வெளிச்சம். ஒரு மரம் மரம், இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் காடு. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று 2010-இல் வகுத்த பட்டியலில் 2,136 எழுத்து இருக்கின்றன. அதைப் பார்த்து மலைக்கிறவர்கள் இந்த மூன்று மரத்தில் தொடங்கட்டும்.

இரவுப்பறவை எழுதியது:

யாரும் இரட்டைக்கிளவியைத் தொடவில்லையே! ஜப்பானியத்தில் அது கொட்டிக் கிடக்கிறது. பிகாபிகா என்றால் பளபள. ஹிஸொஹிஸொ என்றால் கிசுகிசு. நிகொநிகொ என்றால் முகமெல்லாம் புன்னகை. இடியும் கொரொகொரொ, விடுமுறை நாளில் சும்மா புரண்டுகொண்டிருப்பதும் கொரொகொரொ. ஒருவர் வாய் திறக்காமல் நடித்துக் காட்ட மற்றவர்கள் சொல்லைப் பிடிக்க வேண்டும். எங்கள் குழுவில் ஆன்லைன் வகுப்பில்கூட இதைச் செய்தோம், கேமராவை அணைத்து வைத்திருந்தவர்கள் எல்லாம் திறந்தார்கள். மற்ற மொழிக்காரர்கள் இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். சலசல, தொணதொண என்று பேசுகிற நமக்கு இது வீட்டுக் காரியம்.

தேர்வுமேசை எழுதியது:

சரி, மாத்திரை சொன்னதைக் கேட்டல் பகுதிக்கு எடுத்துக்கொள்கிறேன், அது எனக்கே தேவை. அந்தப் பகுதியில் ஒலி ஒரே முறைதான் ஓடும், நீட்டலைத் தவறவிட்டால் விடையும் போகும். ஆனால் இலக்கணத்துக்கு? 'தெ' வடிவத்தை விளையாட்டில் யார் கற்றுக்கொடுப்பார்கள்?

கரும்பலகை எழுதியது:

'தெ' வடிவம்தான் தமிழருக்குக் கிடைத்த பரிசு. அதை அட்டவணையாக மட்டும் நடத்துவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

நாம் வினையெச்சம் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். 'யொந்தெ' என்றால் படித்து. அதனோடு 'மிரு' (பார்) சேர்த்தால் 'யொந்தெ மிரு', படித்துப் பார். கண்ணால் பார்ப்பதல்ல, முயன்று பார்ப்பது, நம் பொருளேதான். 'ஒகு' (வை) சேர்த்தால் எழுதி வை, வாங்கி வை என்கிற வை. 'குரு' (வா) சேர்த்தால் வாங்கி வா. 'ஷிமவு' சேர்த்தால் மறந்துவிட்டேன் என்பதில் வருகிற விடு. மற்ற மொழிக்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு வகுப்பு முழுக்கப் போகும். தமிழ் மாணவர்களிடம் ஒரே ஒரு ஜோடியைக் காட்டினால் போதும், அடுத்ததை அவர்களே ஊகித்துச் சொல்வார்கள்.

ஆட்டம் இப்படி: ஒருவர் தமிழில் "கேட்டுப் பார்" என்பார். பக்கத்திலிருப்பவர் அதை ஜப்பானியத்தில் சொல்லி, அதே வினையோடு வேறு துணைவினையை ஒட்டித் தமிழில் மூன்றாமவருக்குக் கொடுப்பார். "கேட்டு வை." அப்படியே சுற்றி வரும். ஒருவர் திணறினால் அவருக்கு வலப்பக்கத்தில் இருப்பவர் உதவலாம், அதுவும் விதி. 20 நிமிடத்தில் ஏழு பேரும் பத்துப் பன்னிரண்டு முறை 'தெ' வடிவத்தைச் சொல்லியிருப்பார்கள். வரிசையாக ஆளுக்கொரு வாக்கியம் என்ற முறையில் அது இரண்டு அல்லது மூன்றுதான் வரும். தேர்வுக்கும் இது நல்லதுதானே?

தேர்வுமேசைக்கு இன்னொன்று. சின்னப் பத்தி ஒன்றை இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசிப்பேன். யாரும் முழுசாக எழுத முடியாது, காதில் விழுந்த சொற்களைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு மூன்று மூன்று பேராகச் சேர்ந்து பத்தியைத் திரும்பக் கட்ட வேண்டும். "இங்கே 'வ' உருபு வருமா, 'கா' உருபு வருமா?" என்று அவர்கள் சண்டை போடுவார்கள் பாருங்கள், இலக்கணம் அங்கேதான் ஒட்டுகிறது. டிக்டோகிளாஸ் என்று இதற்குப் பெயர்.

இரவுப்பறவை எழுதியது:

இவ்வளவு ஒற்றுமை இருப்பதால்தான் ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்றாரா?

கரும்பலகை எழுதியது:

அவர் அப்படி வாதிட்டது உண்மை, பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவது வேறு, ஒரே குடும்பம் என்பது வேறு. வகுப்புக்கு முதலாவது போதும். வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவது, "என்று சொன்னார்" என்பதில் வருகிற 'என்று' அவர்களிடம் 'தொ'வாக நிற்பது, இவை கையில் இருந்தாலே பாதித் தூரம் கடந்தாயிற்று.

பனித்துளிக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பேச்சில் கூச்சம் இருக்கிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை பேசுவதல்ல, உம் கொட்டுவது. ஜப்பானியத்தில் அதற்கு 'ஐசுச்சி' என்று பெயர். இரண்டு கொல்லர்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிச் சுத்தியல் போடுவதிலிருந்து வந்த சொல். கேட்பவர் சும்மா இருந்தால் பேசுபவருக்கு, கேட்கிறாரா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். "ஹை", "ஏ", "ஸோ தெஸ் கா" (அப்படியா), "நருஹொதொ" (ஓ, அப்படியா விஷயம்) என்று நான்கு போதும். கடைசியை மட்டும் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டாம், அவருக்கு மதிப்பெண் போடுவதுபோல ஒலிக்கும். இருவர் பேச மூன்றாமவர் உம் மட்டும் கொட்டுவார். இரண்டு வாரத்தில் அந்த மூன்றாமவர் "ஸோ தெஸ் கா"வோடு நிற்காமல் "இத்ஸு?" (எப்போது?) என்று தானாகக் கேட்பார். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

பனித்துளி எழுதியது:

கதை கேட்கும்போது உம் கொட்டினால்தான் பாட்டி அடுத்த வரிக்குப் போவார். அது எனக்கு வரும். நன்றி.

எழுத்தாணி எழுதியது:

வாசிப்புக்கு 'ததொகு' முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிக எளிய புத்தகத்தில் தொடங்கு, அகராதியைத் தொடாதே, புரியாத இடத்தைத் தாண்டிப் போ, பிடிக்காவிட்டால் மூடிவிட்டு வேறு எடு. நான்கே விதி. வகுப்பின் கடைசிக் கால் மணி நேரம் ஆளுக்கொரு சிறு புத்தகம், அமைதியாக. முடிந்ததும் பக்கத்திலிருப்பவரிடம் இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். களைத்து வருகிற நாளில் இது பெரிய ஆறுதல். எல்லா நாளும் சத்தமாகவே இருக்க வேண்டியதில்லை.

மாலைவகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இழையை ஆசிரியைக்கு வாசித்துக் காட்டினேன். நேற்று இரண்டைச் செய்து பார்த்தோம்.

முதலில் பென்சில். நீளமான பொருளை எண்ண ஜப்பானியத்தில் தனி வாய்பாடு: இப்பொன், நிஹொன், ஸம்பொன். ஆளை எண்ண வேறு: ஹிதொரி, ஃபுதரி. ஒன்று வேறு ஒருவர் வேறு, இரண்டு வேறு இருவர் வேறு என்பது நமக்கும் உண்டே என்று யாரோ சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. மேசைக்கு அடியில் பென்சில்களைப் பிடித்துக்கொண்டு எத்தனை என்று ஊகிக்கச் சொன்னார் ஆசிரியை. மூன்றாவது வரிசையில் இருக்கும் பெரியவர் (எழுந்து போய்விடுவார் என்று நான் பயந்தவர்களில் ஒருவர்) "ரொப்பொன்" என்றார். ஆறு. கையை விரித்தால் ஆறேதான். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அப்புறம் உஸொ. அது வகுப்பு நேரத்தைத் தாண்டி 25 நிமிடம் போனது. ஏழு பேரில் நான்கு பேருடைய பொய்தான் வெளியே வந்திருக்கிறது, மூன்று பேர் பாக்கி. நின்றுபோன இருவருக்குப் பெரியவரே செய்தி அனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமை ஒருவர் வருகிறாராம். பனித்துளி, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி, எங்கள் ஆசிரியை ஆன்லைனிலும் ஒரு குழு நடத்துகிறார். உம் கொட்ட ஒரு ஆள் தேவைப்படுகிறது.